வெந்நீர் கேட்கிற சகோதரி

எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும்போதே அவள் கேட்டுவிடுவாள்: "கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?"

வெயில் மண்டையைப் பிளக்கிற சித்திரையிலும் இதே கேள்விதான். கேட்கிற குரலில் கூச்சம் இருக்காது, அதிகாரமும் இருக்காது. கூடப் பிறந்தவள் வீட்டில் கேட்பது போலக் கேட்பாள். எனக்கு முதலில் எரிச்சல் எரிச்சலாக வரும். நாம் போனது அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல. போன சூட்டோடு அவளை அடுப்படிக்கு விரட்டினால் என்ன அர்த்தம்?

அவள் பெயர் எனக்குத் தெரியும், எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அப்பா பெயர் என்ன, எந்த ஊர், எந்தத் தெரு என்று உங்கள் மனசு நூல் பிடித்துக்கொண்டு போகும். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு அலைந்தவள் நான், அதனால் சொல்கிறேன். சபையில் எல்லாப் பெண்களுமே சகோதரிதான். இவளுக்கு மட்டும் வெந்நீர் சகோதரி என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தவள் நான்தான், எனக்கு வாய் ஜாஸ்தி.

கள்ளக்குறிச்சியில் அப்போது எங்கள் சபை ஓர் உரக்கடை மாடியில் கூடும். ஜனங்கள் மார்மன் என்று சொல்கிற சபை. அமெரிக்காவில் தொடங்கியது, கோயம்புத்தூர்ப் பக்கம் வேலைக்குப் போய்த் திரும்பிய இரண்டு மூன்று குடும்பங்களோடு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் மூக்கில் யூரியா வாசனை ஏறும். பாதிரியார் கிடையாது, சம்பளத்துக்கு ஊழியர் கிடையாது. இந்த வாரம் நீ பேசு, அடுத்த வாரம் நான் பேசுகிறேன் என்று முறை போட்டுக்கொண்டு நடத்துவோம். முன்னால் நின்று நடத்தியவர் ஒரு லாரி செட்டில் கணக்கு எழுதுகிறவர்.

சாராயம், புகையிலை கூடாது என்றார்கள். நமக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. டீயும் காப்பியும்கூடக் கூடாது என்றார்களே, அங்கேதான் எனக்கு இடித்தது. பிள்ளையில்லாத வீட்டில், நாள் பூரா ரவிக்கை தைத்துக்கொண்டு கிடப்பவளுக்குச் சாயங்காலக் காப்பியை விட்டால் என்ன துணை இருக்கிறது? ஆனாலும் "இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று யாரும் கேட்காத ஒரே இடம் அந்த மாடிதான். காப்பியை விட்டுவிட்டுச் சேர்ந்துகொண்டேன்.

பெண்களுக்கென்று சபையில் ஒரு ஏற்பாடு உண்டு. இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்து, ஒவ்வொரு ஜோடிக்கும் சில வீடுகளைக் கொடுத்துவிடுவார்கள். மாசம் ஒரு தடவையாவது அங்கே போய் உட்கார்ந்து பேசி, ஒரு நல்ல வார்த்தை படித்து, என்ன குறை என்று பார்த்துச் செய்ய முடிந்ததைச் செய்துவிட்டு வரவேண்டும். நம் வீட்டுக்கும் அதேபோல வேறு இரண்டு பேர் வருவார்கள். என்னை வெந்நீர் சகோதரியோடு ஜோடி சேர்த்தார்கள். அவள் என்னைவிடச் சின்னவள். புருஷனுக்குப் பம்புசெட்டு மோட்டார் விற்கிற வேலை. அந்த வேலைக்காகத்தான் எங்கள் ஊருக்கு வந்திருந்தார்கள்.

மற்ற ஜோடிகள் போகும்போது பன், ஆரஞ்சுப் பழம் என்று ஏதாவது வாங்கிக்கொண்டு போவார்கள். இவள் வெறுங்கையை வீசிக்கொண்டு போய், வரும்போது கை நிறையக் கொண்டுவருவாள். "ஒரு கொத்து கறிவேப்பிலை பறிச்சுக்கட்டுமா?" "என் பின்னல் அவிழ்ந்துபோச்சு, கொஞ்சம் போட்டுவிடுங்களேன்." "உங்க வீட்டு ஊறுகாய் நல்லா இருந்துச்சே, ஒரு துண்டு குடுங்க." எனக்கு மானம் போகும். வெளியே வந்ததும் ஒரு நாள் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, பச்சத்தண்ணி குடிச்சா உனுக்கு சளி புடிக்குதா? எப்பப் பாத்தாலும் இன்னா வெந்நி?"

"பச்சைத்தண்ணின்னா குடத்துல மொண்டு குடுத்துட்டு நம்ம போறதுக்காக நின்னுக்கிட்டே இருப்பாங்க அக்கா. வெந்நீர்னா அடுப்பு பத்தவைக்கணும். அது கொதிக்கிறவரைக்கும் நம்மளை உக்காரச் சொல்லித்தானே ஆகணும்?"

அடிப்பாவி என்று நினைத்துக்கொண்டேன்.

எங்களுக்குக் கொடுத்த வீடுகளில் ஒன்று மலைமேல், கரியாலூரில் இருந்தது. அந்த வீட்டு அக்கா கள்ளக்குறிச்சி அரிசி மில்லில் புருஷனோடு வேலை பார்த்தவள். ஒரு தடவை மலைக்குப் போன இடத்தில் அவன் போய்ச் சேர்ந்தான், அவள் அங்கேயே தங்கிவிட்டாள். பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது எனக்கு வயிற்றைப் புரட்டும். அவ்வளவு பாடுபட்டுப் போனால் அவள் கதவைத் திறந்து, தலையை ஆட்டிவிட்டு, மரவள்ளிக் காட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒரு வார்த்தை வராது. வெந்நீர் கேட்டால் வெந்நீர் வரும், அதோடு சரி. வெந்நீர் வித்தை பலிக்காத ஒரே வீடு அது.

மூன்றாவதோ நாலாவதோ தடவை போனபோது, இவள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, கால்ல முள் ஏறிடுச்சு. எடுத்துவிடுறீங்களா?"

அந்த அக்கா ஒரு நிமிஷம் பார்த்தாள். உள்ளே போய் ஊசி எடுத்துவந்து, இவள் காலைத் தூக்கித் தன் மடிமேல் வைத்துக்கொண்டு குனிந்தாள். "பாத்து நடக்கறதில்லியா? எவ்ளோ ஆழமாப் போயிருக்குது பாரு. எங்க வூட்டுக்காரரும் இப்பிடித்தான், செருப்பே போடமாட்டாரு." அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. முள் வந்துவிட்டது, எருக்கம்பால் வைத்தாயிற்று, அவள் பேச்சு மட்டும் நிற்கவில்லை. புருஷனுக்குக் காய்ச்சல் வந்தது, கீழே இறக்கிக்கொண்டு போக வண்டி கிடைக்காதது, எல்லாவற்றையும் இவள் காலைப் பிடித்துக்கொண்டே சொல்லி அழுதாள். நானும் அழுதேன், ஏன் மறைக்கவேண்டும்?

இறங்கி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "அந்த முள்ளு எப்ப குத்துச்சு?"

"காலையில, பஸ் ஸ்டாண்டுக்கு வரப்பவே."

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் எடுத்திருப்பனே!"

"நீங்க எடுத்துட்டா அங்க போய் எதைக் கேக்கறது?"

முள்ளோடு மலை ஏறியிருக்கிறாள்! இவள் நல்லவளா, அழுத்தக்காரியா என்று அன்றைக்கு முழுக்க எனக்குப் பிடிபடவில்லை.

பிடிபடாதது இன்னொன்றும் இருந்தது. அவள் என்ன ஆட்கள் என்று எனக்குத் தெரியவில்லை. ஊருக்குப் புதிதாக யார் வந்தாலும் இரண்டு நாளில் நூல் பிடித்துவிடுவேன். இவளிடம் நூலே இல்லை. கழுத்தில் மெல்லிய சங்கிலி மட்டும்தான். தாலி இருந்தால் அதன் உருவத்தைப் பார்த்தே சொல்லியிருப்பேன். எங்களைப்போல இன்னா, வூடு என்று பேசமாட்டாள். தெற்கத்திப் பேச்சும் இல்லை, கோயம்புத்தூர்ப் பேச்சும் இல்லை. ஊர் எது என்று கேட்டால், அப்பா ரயில்வே, ரயில் நிற்கிற ஊரெல்லாம் நம்ம ஊர்தான் என்பாள். எங்கள் ஊரில் ரயிலே கிடையாது, இங்கே எதற்கம்மா வந்தாய் என்று கேட்கத் தோன்றும்.

சுற்றி வளைத்தும் பார்த்தேன். "உங்க ஜனத்துல பொண்ணு வயசுக்கு வந்தா இன்னா சீரு செய்வீங்க?" என்றேன். "உங்க பக்கம் எப்படி அக்கா? சொல்லுங்களேன், கேட்டுக்கறேன்" என்றாள். தாய்மாமன் தட்டில் ஆரம்பித்துப் புட்டு, உளுந்தங்களிவரை நான் அரைமணி நேரம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ரவிக்கைக்குக் கொக்கி வைக்க உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. கேட்டவளும் நான், பதில் சொன்னவளும் நான்.

இதெல்லாம் வெறும் வம்புக்கான ஆசையாக இருந்தவரைக்கும் பரவாயில்லை. மறியல் வருஷத்தில் அது வேறு கேள்வியாக ஆகிவிட்டது.

அதைச் சொல்வதற்கு முன்னால் செல்வியைச் சொல்லவேண்டும். சங்கராபுரம் சாலையில் ஒரு காலனியில் அவள் வீடு. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் தலைப்பிள்ளை தவறிப்போய் அவள் கிடந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர்கள் எங்கள் சபைப் பெண்கள். அப்படி எங்களோடு வந்து சேர்ந்தாள். சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். புருஷன் கரும்பு வெட்டப் போய்விடுவான், வீட்டில் மாமியார் ராஜ்ஜியம். மாமியார் ஒல்லிதான், பார்வை மட்டும் அரிவாள் மாதிரி.

முதல் தடவை போனபோது அந்த மாமியார் எங்களைப் பார்த்ததும் அடுப்பில் டீ போட்டுவிட்டாள். இங்கே ஒன்று சொல்லவேண்டும். எங்கள் ஊர் டீக்கடையில் காலனிக்காரர்களுக்கென்று தனி கிளாஸ் கம்பியில் தொங்கிய காலம் அது. நான் ஊர்த்தெருப் பெண். என் அப்பன் பாட்டன் யாரும் அந்தக் காலனிக்குள் உட்கார்ந்ததே கிடையாது. அப்படிப்பட்ட இடத்தில் டீ வேண்டாம் என்றால் அது எங்கே போய்க் குத்தும் என்று எனக்குத் தெரியும். இவள்தான் பேசினாள். "எங்க சபையில டீ, காப்பி குடிக்கமாட்டோம் அம்மா, செல்வியைக் கேளுங்க. எனக்கு வெந்நீர் குடுங்க, பெரிய டம்ளர்ல." மாமியார் ஒரு மாதிரி பார்த்துவிட்டு வெந்நீர் கொடுத்தாள். இவள் ஊதி ஊதிக் குடித்துவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டாள். நானும் குடித்தேன். அப்படியே ஒரு வருஷம் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் பெண்கள் மட்டும் தனியாக உட்காருவோம். அங்கே பாடம் எடுப்பதும் முறைதான். ஜெபத்தைப் பற்றியும் இருக்கும், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என்ன செய்வது என்றும் இருக்கும். "அடுத்த முறை செல்வி எடுக்கட்டும்" என்று இவள் சொன்னதும் செல்வி பதறிவிட்டாள்.

"அய்யய்யோ, நானா? ஊர்க்காரவங்க முன்னாலயா? எனுக்கு இன்னா தெரியும்?"

"குழந்தை தவறின வீட்டுக்குப் போனா எப்படி நடந்துக்கணும்னு எனக்குத் தெரியாது செல்வி. நீதான் சொல்லித்தரணும்."

செல்வி வாயைப் பொத்தவில்லை. "சரிங்க" என்றாள்.

அதற்குள் மறியல் வந்துவிட்டது. எங்கள் ஜாதி ஆட்கள் தனி இடஒதுக்கீடு கேட்டுச் சாலைக்கு வந்தார்கள். நிழல் கொடுத்த புளியமரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்தார்கள். பஸ் நின்றுபோனது, பால் வரவில்லை. கோரிக்கை அரசாங்கத்திடம்தான். கோபம் மட்டும் எங்கெங்கோ போய் இறங்கியது. சில ஊர்களில் காலனிக் குடிசைகள் எரிந்தன. எங்கள் பக்கத்து ஊர் ஒன்றிலும் எரிந்தது. உரக்கடை மாடியில் ஊர்த்தெருப் பெண்கள் பாதிப்பேர் வருவதை நிறுத்தினார்கள். செல்வியை மாமியார் நிறுத்திவிட்டாள். பாடமாவது கீடமாவது, வாசலைத் தாண்டினால் காலை ஒடிப்பேன் என்றாளாம்.

"போகலாம் அக்கா" என்றாள் இவள்.

"உனுக்குப் பைத்தியமா? இந்த நேரத்துலயா?"

"இந்த நேரத்துல போகலைன்னா அப்புறம் எப்பவுமே போக முடியாது. அவ முறை போயிட்டா திரும்ப அவ கேக்கவே மாட்டா."

நடந்தே போனோம். சாலையில் குறுக்கே ஒரு பெரிய புளியமரம் கிடந்தது. அதன் மேலும் பக்கத்திலுமாக ஆட்கள். அதில் என் தம்பியும் இருந்தான்.

"எங்கக்கா போற? காலனிக்கா?" என்றான். அவன் இவள் பக்கம் திரும்பினான். "நீங்க இன்னா ஆளுங்க? எந்த ஊரு?"

எனக்குப் பயம் ஒரு பக்கம், இப்போதாவது பதில் வரும் என்ற நப்பாசை ஒரு பக்கம்.

"தம்பி, எனக்கு மரம் ஏறித் தாண்டத் தெரியாது. கொஞ்சம் கை குடுங்க" என்று இவள் கையை நீட்டினாள்.

நீட்டிய கையை என்ன செய்வான்? பிடித்துத் தூக்கிவிட்டான். அந்தப் பக்கம் இன்னொருவன் பார்த்து இறக்கிவிட்டான். "சேலை மாட்டப்போவுது, பாத்துங்க" என்றுகூடச் சொன்னான். கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லையே என்று என் தம்பிக்கு உறைப்பதற்குள் நாங்கள் நடையைக் கட்டிவிட்டோம். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு முட்டியது.

காலனியில் சிரிப்பு நின்றுவிட்டது. எங்களைப் பார்த்ததும் கதவுகள் சாத்திக்கொண்டன. செல்வியின் மாமியார் மட்டும் வாசலில் நின்றாள். செல்வி உள்ளே அவள் முதுகுக்குப் பின்னால் நின்றாள். இவள் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கொஞ்சம் வெந்நீர்..." என்று ஆரம்பித்தாள்.

"நிறுத்து" என்றாள் மாமியார். அதுவரை எங்களை நீங்க, வாங்க என்றுதான் பேசுவாள். "காலனில இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? டீ வேணான்றா, பச்சத்தண்ணியும் கேக்கறதில்ல, வெந்நி மட்டுந்தான் கேக்கறா. கொதிக்க வெச்சா தீட்டுப் போயிடும்னுதான் அப்பிடிக் கேக்கறான்றாங்க."

டீயும் கொதித்ததுதானே என்று எனக்கு நாக்குநுனிவரை வந்தது. ஆனால் அந்த முகத்துக்கு எதிரே நியாயம் பேச முடியாது. எரிந்த வீடுகளில் ஒன்று அவளுடைய தங்கச்சி வீடு என்று பிற்பாடு தெரிந்தது.

"இல்லம்மா, அது சபையில..." என்றாள் இவள்.

"சபைச் சட்டம்னு யாரு வேணாலும் சொல்லலாம். இவங்கள எனுக்குத் தெரியும்" என்று என்னைக் காட்டினாள். "இவங்க யாரு வூட்டுப் பொண்ணு, இவங்க தம்பி எங்க நின்னுக்கினு கீறாரு, எல்லாந் தெரியும். உன்னத்தான் தெரியல. ஒரு வருசமா வர்ற, இன்னா ஆளுன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

உள்ளே போய் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து இவள் முன்னால் தரையில் வைத்தாள். கருகருவென்று, பால் இல்லாத டீ. "இதக் குடிச்சா செல்விய நானே இட்டுக்கினு வரேன். குடிக்கலன்னா இனிமே இந்தப் பக்கம் வராத."

எனக்கு டீ ஊற்றவில்லை. நான் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. அது எனக்குச் சுருக்கென்றது.

இவளுக்கு வேறு வழி இருந்தது. தன் ஜாதியைச் சொல்லியிருக்கலாம். அவர்களில் ஒருத்தி என்றால் மாமியார் அணைத்துக்கொண்டிருப்பாள். எங்களில் ஒருத்தி என்றாலும் அதோடு விஷயம் முடிந்திருக்கும். இவள் எதையும் சொல்லவில்லை. ஞானஸ்நானத்தின்போது செய்த சத்தியத்தை இவள் எவ்வளவு பெரிதாக நினைப்பவள் என்று எனக்குத் தெரியும். காய்ச்சலில் கிடந்தபோது டாக்டரே காப்பி குடி என்று சொல்லியும் குடிக்காதவள். அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இவள் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். முகம் சுளித்தது.

"அம்மா, இன்னும் கொஞ்சம் வெல்லம் போடுவீங்களா? எனக்குக் கசப்பு ஆகாது."

மாமியாருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. உள்ளே போனாள், வெல்லத்தை நுணுக்கிக்கொண்டுவந்து போட்டாள், ஒரு குச்சியால் தானே கலக்கியும் விட்டாள். இவள் கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.

திரும்பும்போது மரம் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகு, "நல்லா இருந்துச்சு அக்கா" என்றாள். "அதுதான் கஷ்டமா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை மாமியார் சொன்ன சொல் தவறாமல் செல்வியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். படியேறி வந்தவளைப் பார்த்து ஊர்த்தெருப் பெண்கள் இரண்டு பேர் பின்வரிசைக்குப் போனார்கள். எங்கள் பெஞ்சில் முதலில் செல்வி, அடுத்து நான், எனக்கு அடுத்து மாமியார், சுவரோரத்தில் இவள்.

எங்கள் சபையில், ஞானஸ்நானச் சத்தியத்தைப் புதுப்பித்துக்கொள்ள, ஞாயிறுதோறும் ரொட்டியும் தண்ணீரும் கொடுப்பார்கள். திராட்சை ரசம் கிடையாது, தண்ணீர்தான். குட்டிக் குட்டிக் கப்புகளை ஒரு தட்டில் வைத்துப் பெஞ்சின் ஒரு முனையில் கொடுப்பார்கள். ஒருவர் எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரிடம் தட்டைக் கொடுக்கவேண்டும், அவர் அடுத்தவருக்கு. ஊர்த்தெருக் கையும் காலனிக் கையும் ஒரே தட்டைப் பிடிக்கிற இடம் அந்தத் தாலுகாவிலேயே அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

ரொட்டி வந்தபோது இவள் எடுக்காமல் தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். மாமியாரின் புருவம் நெரிந்தது. தண்ணீர் வந்தது. செல்வி எடுத்து என்னிடம் கொடுத்தாள், நான் மாமியாரிடம் கொடுத்தேன். மாமியார் ஒரு கப்பை எடுத்துக்கொண்டு தட்டை இவள் பக்கம் நீட்டினாள். இவள் தலையை ஆட்டினாள். மாமியார் தட்டை நகர்த்தவில்லை.

"இன்னா?" என்றாள். அந்த அமைதியில் அது மாடி முழுக்கக் கேட்டது. "எங்கையால வாங்கமாட்டியா?"

போச்சு என்று நினைத்தேன். ஒரு வாரமாகக் கட்டியதெல்லாம் கண்ணெதிரே சரிந்துகொண்டிருந்தது. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். முன்னால் நின்ற லாரி செட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எடுத்துக் குடித்துத் தொலையேன், ஒரு வாய்த் தண்ணிதானே, சாமி ஒன்றும் சொல்லாது என்று எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது.

"உங்க கை இல்லம்மா காரணம்" என்றாள் இவள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள். "டீ குடிக்கமாட்டேன்னு கடவுள்கிட்ட சத்தியம் பண்ணியிருந்தேன். உங்க வீட்டுல குடிச்சேன். அதனால இந்த வாரம் எனக்கு இது கிடையாது. யாரும் சொல்லல, நானா வெச்சுக்கிட்டதுதான்."

மாமியார் இவளையே பார்த்தாள். "இவ்ளோ பெரிய சத்தியம்னா அன்னிக்கு எதுக்குக் குடிச்ச?"

"நீங்க குடுத்தீங்களே."

கீழே உரக்கடையில் மூட்டை இறக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மாமியார் தன் கையிலிருந்த குட்டிக் கப்பைப் பார்த்தாள். தளும்பாமல் அதை எடுத்தபடியே தட்டில் திரும்ப வைத்தாள்.

"குடுத்தவளுக்கு மட்டும் தண்டனை இல்லியா? எனுக்கும் வேணாம்" என்றாள். தட்டைக் கொண்டுபோய்விடும்படி கையைக் காட்டிவிட்டு, இவள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பின்வரிசையிலும் ஒருத்தி மூக்கை உறிஞ்சியது கேட்டது.

அன்றைக்குச் செல்வி பாடம் எடுத்தாள். "புள்ள தவறுன வூட்டுக்குப் போனீங்கன்னா எப்பிடி ஆச்சுன்னு கேக்காதீங்க" என்றாள். "அதச் சொல்லிச் சொல்லித்தான் அவ பாதி செத்திருப்பா. குடத்துல தண்ணி கீதான்னு பாருங்க. இல்லன்னா போயி மொண்டுக்கினு வாங்க. அப்புறம் சும்மா பக்கத்துல உக்காருங்க." பின்வரிசைக்குப் போன இரண்டு பேரில் ஒருத்தி கையைத் தூக்கி, "பால் கட்டிக்கினா இன்னா பண்றது?" என்று கேட்டாள். எப்போதோ தனக்கு நடந்ததை அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுக் கேட்டாள். செல்வி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். அதற்கு மேல் நான் விவரிக்கப்போவதில்லை.

வெந்நீர் சகோதரி அதற்கப்புறம் ரொம்ப நாள் எங்கள் ஊரில் இல்லை. புருஷனுக்கு மாற்றல் வந்து போய்விட்டார்கள். போன இடத்தில் ரயில் இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள். போகிற அன்றைக்குக்கூட என் தையல் பெட்டியிலிருந்து ஒரு ஊசி கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் என்ன ஆட்கள் என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் சில சமயம் ராத்திரி படுக்கும்போது, அந்தப் பெயரை வைத்து, அந்தச் சாயலை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பேன். கணக்கு ஒருபோதும் சரியாக வந்ததில்லை. என் குணம் அப்படி, அதை மாற்ற முடியவில்லை.

ஆனால் அந்த ஞாயிறுக்கு அடுத்த மாதம் நாங்கள் காலனிக்குப் போனதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மரத்தை அப்புறப்படுத்தி இருந்தார்கள், பஸ் ஓடியது. செல்வியின் மாமியார் எங்களைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. நாங்கள் வாசலுக்குப் போனபோது அடுப்பு மூட்டி, அதன்மேல் பாத்திரம் ஏற்றியாகிவிட்டது. இவள் வாயைத் திறப்பதற்குள், "வெந்நிதான, வெச்சிட்டேன், வந்து குந்து" என்றாள். நீ, வா என்பது அப்படியே நிலைத்துவிட்டது. கோபம் மட்டும் அதிலிருந்து போயிருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினாள். அன்றைக்கு டீ ஊற்றாதது அவளுக்கும் ஞாபகம் இருந்திருக்கும். கொஞ்சம் தயங்கினாள்.

"உங்களுக்கு இன்னா வேணும்?"

"பச்சத்தண்ணி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். மூலையிலிருந்த குடத்தில் சொம்பை விட்டு மொண்டு என் கையில் கொடுத்தாள். எங்கள் வீட்டில் வெளியிடங்களில் தண்ணீர் குடித்தால் சொம்பு உதட்டில் படாமல் அண்ணாந்துதான் குடிக்கவேண்டும். சின்ன வயசிலேயே அடித்துப் பழக்கியிருந்தார்கள். நான் சொம்பில் வாய் வைத்து, சப்பி, மடக் மடக்கென்று முழுக்கக் குடித்தேன். மாமியார் சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். செல்வி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வெந்நீர் சகோதரி தரையில் சம்மணம் போட்டு வசதியாக உட்கார்ந்தாள்.

"அக்கா எப்பவுமே அவசரக்காரங்க" என்றாள். "என்னோடது இன்னும் கொதிக்கல. நீங்க பேசுங்க அம்மா."